பேரும் கூலியும்: தொழில் பற்றிய கிறிஸ்தவ நோக்கு



சில ஆண்டுகளுக்கு முன், எமது கல்லூரியில் பத்தாம் ஆண்டு மாணவர்களிடம் ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னேன். பெயர், முகவரி, பிறந்த திகதி, அவற்றின் கீழே தந்தையின் தொழில், தாயின் தொழில் என்று இரண்டு கட்டங்கள். வகுப்பில் தமிழ்ப் பாடத்தில் முதலாவதாக வரும் மாணவி ஒருத்தி, தாயின் தொழில் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தாள். அந்தத் தாயை எனக்குத் தெரியும். பலாபத்வலையில் எமது வீட்டுக்கு அருகேயுள்ள பாதையால், பொழுது விடியுமுன் கையில் வாளியோடு இறப்பர்ப் பால் வெட்டப் போகிறவர். அது பொய் என்று தெரிந்தும் நான் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஏன் திருத்தவில்லை என்று அன்றிரவு யோசித்தேன். அவளுடைய வயதில் நானும் ஒரு படிவத்தில் என் தந்தையின் தொழில் 'விவசாயம்' என்று எழுதியவன். என் தந்தையார் விவசாயி அல்லர். தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டிய தொழிலாளி. இன்று பயிற்றப்பட்ட பட்டதாரி ஆசிரியன் என்று என் தொழிலைத் தயங்காமல் எழுதுகிறேன். அவருடைய தொழிலை எழுத அன்று என் கை கூசியது.

இந்த இலக்கியத் தொடரில், தொழில் பற்றிய கிறிஸ்தவ நோக்கு என்னும் பொருளில் பேசுமாறு கேட்கப்பட்டபோது, சைவனாகிய எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கட்டம்தான். ஆகவே சமயப் பிரசாரமாகவோ சமய ஒப்பீட்டுப் போட்டியாகவோ அன்றி, அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லத் தவறிய ஒரு விளக்கமாகவே இவ்வுரையை அமைத்துக்கொள்கிறேன்.

முதலில் இரண்டு சொற்களை நோக்குவோம். ஒன்று 'கூலி'. வள்ளுவர் இச்சொல்லை, உடலை வருத்திச் செய்யும் முயற்சிக்குக் கிடைக்கும் பயன் என்ற உயர்ந்த பொருளில் ஆண்டிருக்கிறார். கோப்பிக் காலத்தில் அதே சொல் மனிதனைக் குறிக்கும் இழிசொல்லாயிற்று. வாங்கும் ஊதியத்தின் பெயர் ஆளுக்கு வந்து சேர்ந்தது. மற்றச் சொல் 'பேர்'. தோட்டத்தில் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்தால்தான் அன்றைய வேலை உண்டு. நாள் முழுவதும் உழைத்தால் செக்ரோலில் ஒரு பேர். கொழுந்தின் நிறை குறைந்துவிட்டால் அரைப்பேர். இங்கே ஆளின் பெயர் ஊதியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மனிதனுக்குக் கூலி என்று பெயர், கூலிக்குப் பேர் என்று பெயர்! இந்த இடமாற்றத்தில் மலையகத்தின் ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு அடங்கியிருக்கிறது எனலாம்.

தொழில் பற்றிய கிறிஸ்தவச் சிந்தனையும் பெயரிலிருந்துதான் தொடங்குகிறது. 'அழைத்தல்' என்பது கிறிஸ்தவத் தமிழில் வேரூன்றிய ஒரு சொல். ஒருவர் குருவாகவோ கன்னியராகவோ போவதைக் கத்தோலிக்கர் 'தேவ அழைத்தல்' என்பர். புரட்டஸ்தாந்தர் 'ஊழியத்துக்கு அழைப்பு' என்பர். இறைவன் மனிதனைப் பெயர் சொல்லி அழைக்கிறான். அந்த அழைப்புக்கு மனிதன் தன் வாழ்நாளால், தன் உழைப்பால் விடை சொல்கிறான் என்பது இதன் உட்பொருள். பிரட்டுக்களத்திலும் ஓர் அழைப்பு உண்டு. அது கைகளை எண்ணும் அழைப்பு. இது ஆளை அறிந்து அழைக்கும் அழைப்பு. இரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தை அளப்பதுதான் இன்றைய நமது பணி.

விவிலியத்தின் முதல் நூலாகிய ஆதியாகமத்தில் முதல் மனிதன் வைக்கப்படும் இடம் எது? ஒரு தோட்டம். அதைப் பண்படுத்தவும் காக்கவுமே அவன் அங்கே வைக்கப்பட்டான். ஏதேன் தோட்டத்தைப் பற்றி ஒருமுறை வகுப்பில் சொன்னபோது, "அப்படியென்றால் ஆதாம் தோட்டத் தொழிலாளியா சேர்?" என்று ஒரு மாணவன் கேட்டான். வகுப்பு சிரித்தது. ஆனால் அவன் சொன்னது சரி. இங்கே ஒரு நுட்பம் மனங்கொள்ளத்தக்கது. மனிதன் பாவம் செய்த பிறகு அவனுக்குத் தண்டனையாக வேலை கொடுக்கப்பட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். நூலின் வரிசை அப்படி இல்லை. வேலை முதலிலேயே இருக்கிறது. பின்னர் வந்தவை நெற்றி வியர்வையும் முள்ளும் குருக்குமே. உழைப்பு சாபமன்று, உழைப்புக்குள் புகுந்துவிட்ட துன்பமே சாபம். இந்த வேறுபாட்டை மறந்தால், தொழிலாளி படும் பாட்டையெல்லாம் இறைவன் விதித்தது என்று சொல்லிவிடலாம். மறக்காவிட்டால், அந்தப் பாட்டைக் குறைப்பதும் இறைபணியே ஆகும்.

பண்டைய கிரேக்க அறிஞர் பலர் கைத்தொழிலை அடிமைகளுக்குரியதென்று கருதினர். விவிலிய மரபு அதற்கு மாறானது. இயேசு தச்சருடைய மகன் என்று அறியப்பட்டவர். பவுல் கூடாரம் செய்யும் தொழிலால் தம் உணவைத் தேடியவர். வேலை செய்ய மனமில்லாதவன் உண்ணவும் கூடாது என்ற கருத்துப்பட அவர் எழுதியதைச் சிலர் ஏழைகளுக்கு எதிராக எடுத்துக் காட்டுவதுண்டு. மனமில்லாதவனைப் பற்றித்தான் பவுல் சொன்னார்; வேலை கிடைக்காதவனைப் பற்றியோ, வேலை செய்தும் உணவு போதாதவனைப் பற்றியோ அன்று.

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித பெனடிக்ற் தம் துறவிகளுக்கு வகுத்த ஒழுங்கில், ஒரு நாள் செபத்துக்கும் வாசிப்புக்கும் கைவேலைக்கும் பகிரப்பட்டது. மடத்துக் கலப்பையும் மண்வெட்டியும் கோயிற் பாத்திரங்களுக்குச் சமமாகப் பேணப்பட வேண்டும் என்பது அவர் கருத்து. அந்த மரபின் ஒரு கிளையாகிய சில்வெஸ்திரியன் துறவிகள் 19ஆம் நூற்றாண்டிலேயே இலங்கைக்கு வந்து, கண்டியைத் தம் பணிக்களமாகக் கொண்டார்கள் என்பது மலைநாட்டவராகிய நாம் அறிந்ததே. நாவுக்கரசர் கையில் உழவாரப் படையோடு கோயில் முற்றங்களில் புல் செதுக்கியதை அறிந்த சைவர்களுக்கு, பெனடிக்ற்றின் மண்வெட்டி அந்நியமாகத் தோன்றாது.

ஆயினும் ஐரோப்பாவில் நாளடைவில் ஒரு பிரிவினை வந்தது. துறவு மட்டுமே அழைப்பு, மற்றவை வயிற்றுப்பாடு. பதினாறாம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர் அந்த வேலியைப் பிடுங்கினார். செருப்புத் தைப்பவனும் பண்ணையில் பால் கறப்பவளும் தத்தம் வேலையாலேயே இறைவனுக்கு விடை சொல்கிறார்கள் என்பது அவருடைய வாதம். குழந்தையின் அழுக்குத் துணியைக் கழுவும் தகப்பனைப் பார்த்து ஊர் சிரிக்கலாம். வானுலகம் மகிழ்கிறது என்ற கருத்தில் அவர் எழுதியிருக்கிறார். ஜெர்மன் மொழியில் அழைப்பைக் குறிக்கும் சொல்லே தொழிலையும் குறிக்கும் சொல்லாக வழங்குவதற்கு அவருடைய விவிலிய மொழிபெயர்ப்பு முக்கிய காரணமாயிற்று.

இனித் தமிழுக்கு வருவோம். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1726ஆம் ஆண்டு தேம்பாவணியை இயற்றினார். மூன்று காண்டங்கள், முப்பத்தாறு படலங்கள், 3615 பாடல்கள். நாட்டுப் படலம், நகரப் படலம் என்று காவிய இலக்கணம் பிசகாமல் நடக்கும் இந்நூலின் தலைவன் யார்? சூசையப்பர். முனிவர் அவருக்கு இட்ட தமிழ்ப் பெயர் வளன். தாவீது அரசனின் வழியில் வந்தவராயினும், உளியும் வாளும் பிடித்துக் குடும்பத்தைக் காத்த தச்சர்.

அரசரும் வணிகரும் தலைமை தாங்கிய தமிழ்க் காப்பிய மண்டபத்தில், மரத்தூள் படிந்த கையோடு ஒரு தச்சர் வந்து நடுவிடத்தில் அமர்ந்தார். கம்பனும் திருத்தக்கதேவரும் அரசிளங்குமரர்க்குச் சூட்டிய அணிகளையெல்லாம் முனிவர் அவருக்குச் சூட்டினார். தேம்பாவணியின் சொல்வளத்தையும் கற்பனையையும் நாம் பேசுகிறோம். அதன் தலைவன் ஒரு தொழிலாளி என்பதைப் பேச மறந்துவிடுகிறோம். திருச்சபை, தொழிலாளரான சூசையப்பரின் திருநாளை மே மாதம் முதலாம் திகதியில் வைத்தது 1955இலேதான். பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அதை ஏற்படுத்தினார். அதற்கு 229 ஆண்டுகளுக்கு முன்பே அத்தச்சருக்குத் தமிழில் பெருங்காப்பியம் எழுந்துவிட்டது.

இதற்கு மண் இங்கே முன்பே பண்பட்டிருந்தது என்பதையும் சொல்லவேண்டும். சேக்கிழார் பாடிய அடியவர்களுள் மட்பாண்டம் வனைந்த திருநீலகண்டர் இருக்கிறார். துணி வெளுத்த திருக்குறிப்புத் தொண்டர் இருக்கிறார். மீன் பிடித்த அதிபத்தர் இருக்கிறார். நெசவு செய்த நேசர் இருக்கிறார். அவர்கள் தொழிலை விட்டுவிட்டு இறைவனிடம் போகவில்லை, தொழிலோடு போனார்கள். 'தொண்டு' என்று நாம் சொல்வதும் 'அழைத்தல்' என்று அவர்கள் சொல்வதும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டும் ஒரே கேள்விக்கு முகங்கொடுக்கின்றன. கையில் இருக்கும் வேலைக்கும் மேலே இருக்கும் இறைவனுக்கும் என்ன உறவு என்பதே அக்கேள்வி.

படித்தவரின் தொழிலிலும் இந்த அழைப்பு எப்படிச் செயற்படும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவிலே பிறந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவப் பணி செய்தார். இடையில் சில ஆண்டுகள் தாயகம் சென்று, மீண்டும் வந்து 1873 வரை இருந்தார். தாம் ஒருவரே நோய் தீர்ப்பது போதாது என்று கண்டு, உள்ளூர் இளைஞருக்கு மேலைநாட்டு மருத்துவம் கற்பித்தார். 1860களில் அக்கல்வியை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றினார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம் என்று நூல்கள் வெளிவந்தன. கலைச்சொற்களைத் தேடித் தேடி ஆக்கினார். தாம் இல்லாதபோதும் வேலை நடக்க வேண்டும்; அது அந்த மக்களின் மொழியில் நடக்க வேண்டும் என்பதே அவர் தம் அழைப்பைப் புரிந்துகொண்ட விதம். தொழில் தன்னைப் பெரிதாக்கிக் கொள்வதற்கன்று, பிறரை நிமிர வைப்பதற்கு என்ற இந்தப் பாடம், ஆசிரியத் தொழிலில் இருக்கும் என்னை அடிக்கடி உறுத்துவதுண்டு.

இதுவரை சொன்னவை ஒளிப்பக்கம். நிழற்பக்கத்தை மறைத்தால் உரை நேர்மையாகாது.

நான் வாழும் பலாபத்வல, மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் பெருவீதியில் இருக்கிறது. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய தமிழகத்து மக்கள் காட்டு வழியே கால்நடையாக, தம்புள்ளை, நாலந்தா கடந்து மாத்தளைக்கு வந்தது இந்த வழியால்தான். கொள்ளைநோயாலும் பசியாலும் வழியிலே மாண்டவர் பலர். மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது 1880இல். அதற்குள் 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பியே அழியத் தொடங்கியிருந்தது. மலைநாட்டுத் தோட்டங்களில் சமயப் பணி செய்யவென 1854இல் ஓர் அமைப்பு தொடங்கிற்று. அதற்கு இட்ட பெயரே 'தமிழ்க் கூலி மிஷன்'. திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்தார்கள். லயத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார்கள். அந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் அப்பணி தோட்டத் துரைமாரின் ஆதரவில் நடந்தது. பெயர் சொல்லி அழைக்கும் இறைவனைப் பற்றிப் பேச வந்த ஓர் அமைப்பு, மக்களைக் கூலி என்ற பெயராலேயே அழைத்தது. அந்த முரணை அக்காலத்தில் எத்தனை பேர் உணர்ந்தார்களோ!

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. அவரவர் அழைக்கப்பட்ட நிலையில் நிலைத்திருக்கட்டும் என்ற கருத்துப்படப் பவுல் எழுதிய ஓரிடம் உண்டு. அடிமையாயிருப்பவன் விடுதலை பெற வாய்ப்புக் கிடைத்தால் அதைப் பற்றிக்கொள்ளலாம் என்ற கருத்தும் அதன் பக்கத்திலேயே வருகிறது. முன்னதை மட்டும் எடுத்து, பின்னதை விட்டுவிட்டால், அழைப்பு சங்கிலியாகிவிடும். 'உன் தொழில் புனிதமானது. ஆகவே குறைந்த கூலிக்கும் முணுமுணுக்காதே' என்று சொல்லிவிடலாம். குலத்தொழில் என்ற பெயரில் நம் சமூகமும் இதையே செய்தது. ஒருவர் மற்றவரைக் குறைசொல்ல இதில் இடமில்லை.

இந்தத் திரிபைக் கிறிஸ்தவத்துக்குள்ளிருந்தே திருத்த முயன்றவர்கள் உண்டு. அறுவடை செய்தவர்களுக்குக் கொடாமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது, அந்தக் குரல் இறைவனுக்குக் கேட்கிறது என்ற கருத்து யாக்கோபு எழுதிய மடலிலேயே இருக்கிறது. பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் வெளியிட்ட சுற்றுமடல், தொழிலாளி குடும்பத்தோடு வாழப் போதிய ஊதியம் நீதியால் வருவது, தருமத்தால் வருவதன்று என்ற நிலைப்பாட்டை எடுத்தது. இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981இல் வெளியிட்ட மடல், மனிதனுக்காகவே உழைப்பு, உழைப்புக்காக மனிதன் அல்லன் என்பதை மையமாகக் கொண்டது. வேலையின் மதிப்பு அது என்ன வேலை என்பதில் இல்லை. செய்பவர் யார் என்பதில் இருக்கிறது என்பதே அதன் சாரம். கண்டியில் 1972இல் சத்தியோதய நிலையத்தைத் தொடங்கிய இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் அவர்கள், 2017இல் மறையும்வரை மலையகத் தொழிலாளரின் உரிமைக்காக எழுதியும் பேசியும் வந்தார். சிங்கள மக்களுக்கும் தமிழ் மக்களுக்கும் இடையே பாலமாகவும் நின்றார்.

செக்ரோலில் நாள்தோறும் பதியப்பட்ட அந்தப் பேர்கள், 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின்பின் நாட்டின் பிரசைகள் பட்டியலில் இல்லாமற் போயின. எஞ்சியிருந்தோர்க்கெல்லாம் வழிதிறந்த சட்டம் வந்தது 2003இல். தோட்டத்தில் பெண்ணுக்கும் ஆணுக்கும் சமமான நாட்சம்பளம் வந்தது 1984இல். பல ஆண்டுக் கோரிக்கைக்குப் பின் நாட்சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபாவாகவும், 2024இல் 1350 ரூபாவாகவும் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. மண்ணுக்குள் பெயரின்றிக் கலந்தவர்களை நினைத்து சி. வி. வேலுப்பிள்ளை பாடியது, நமக்கு இலக்கியம் மட்டுமன்று, வரலாறும் ஆகும்.

நிறைவாக, இயேசு சொன்ன ஒரு கதைக்கு வருகிறேன். மலையகத்தவர் ஒருவர் வாசித்தால் அதில் பிரட்டுக்களத்தைக் காணாமல் இருக்கமாட்டார். திராட்சைத் தோட்டத்துக்கு உரிமையாளர் ஒருவர் விடியற்காலையில் ஆள் பிடிக்கச் சந்தைவெளிக்குப் போகிறார். நாளொன்றுக்கு ஒரு தெனாரியம் என்று பேசி ஆட்களை அனுப்புகிறார். ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், மூன்று மணிக்கும் போகிறார். பொழுது சாயும் நேரத்தில், ஐந்து மணிக்கும் போகிறார். அப்பொழுதும் சிலர் நிற்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டால், எங்களை ஒருவரும் வேலைக்கு எடுக்கவில்லை என்கிறார்கள். அவர்களையும் அனுப்புகிறார். மாலையில் கணக்கப்பிள்ளை கூலி கொடுக்கிறார். கடைசியில் வந்தவர்களுக்கும் முழுத் தெனாரியம். காலையிலிருந்து வெயிலில் காய்ந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். பேசிய கூலி உனக்குக் கிடைத்துவிட்டதே, நான் நல்லவனாயிருப்பது உனக்குப் பொறுக்கவில்லையா என்பது உரிமையாளரின் விடை.

கணக்குப் பார்ப்பவருக்கு இது அநீதி. ஆனால் ஒரு தெனாரியம் என்பது அக்காலத்தில் ஒரு நாட்கூலி. ஒரு குடும்பத்தின் ஒரு நாள் அடுப்பு. ஐந்து மணிக்கு வந்தவனுக்கு அரைப்பேரோ கால்பேரோ போட்டிருந்தால், அன்றிரவு அவன் பிள்ளைகளும் அரைவயிறோ கால்வயிறோதான். அந்தத் தோட்டத்துக்காரர் எண்ணியது வேலை செய்த மணிகளை அல்ல, உண்ண வேண்டிய வாய்களை. அவருடைய தோட்டத்தில் அரைப்பேர் இல்லை. ஆளுக்கு ஒரு பேர்.

இக்கதையிலிருந்தே தலைப்பை எடுத்து ஜோன் ரஸ்கின் 1860இல் பொருளாதாரக் கட்டுரைகள் எழுதினார். அவை நூலாக வந்து, 1904இல் ஜொகன்னஸ்பேர்க்கிலிருந்து டர்பனுக்குச் சென்ற புகையிரதத்தில் காந்தியின் கைக்குக் கிடைத்தன. வழக்கறிஞரின் வேலைக்கும் நாவிதரின் வேலைக்கும் ஒரே மதிப்பு என்ற பாடத்தை அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்டார். 1908இல் குஜராத்தியில் அதன் சாரத்தை எழுதி 'சர்வோதயம்' என்று பெயரிட்டார். ஒரு யூதத் தச்சர் மகனின் கதை ஓர் ஆங்கிலேயர் வழியாக ஓர் இந்துவின் வாழ்க்கையை மாற்றியது. ஆகையால் இது ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரிய செய்தியன்று.

கிறிஸ்தவ நோக்கை நான் விளங்கிக்கொண்ட அளவில் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: தொழில் மனிதனுக்கு மதிப்பைக் கொடுப்பதில்லை; மனிதனே தொழிலுக்கு மதிப்பைக் கொடுக்கிறான், ஏனெனில் அவன் பெயர் சொல்லி அழைக்கப்பட்டவன். அந்த மதிப்பை வாயால் ஒப்புக்கொண்டு கூலியில் மறுப்பவர் அழைப்பைப் பற்றிப் பேச உரிமையற்றவர்.

படிவத்துக்குத் திரும்புவோம். சில நாட்களின் பின் அந்த மாணவியை அழைத்து, அம்மாவின் வேலையை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "எழுதினா சிரிப்பாங்க சேர்" என்றாள். சிரிக்கமாட்டார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நான் விவசாயம் என்று எழுதிய கதையை மட்டும் சொன்னேன். அவள் நம்பாதவள்போல் என்னைப் பார்த்தாள். பிறகு, "உங்க அப்பாவுக்கு அது தெரியுமா சேர்?" என்று கேட்டாள்.

தெரியாது. அவர் மறைந்து பல ஆண்டுகளாகிவிட்டன. அந்தக் கட்டத்தை இன்று நிரப்பச் சொன்னால், கவ்வாத்துத் தொழிலாளி என்று எழுதுவேன். அதை அவருக்குக் காட்ட முடியாது என்பதுதான் என் துயரம். அந்தப் பிள்ளைக்குக் காலம் இருக்கிறது. அவளுடைய தாய் நாளைக் காலையிலும் வாளியோடு அந்தப் பாதையால் போவார்.